இஸ்தான்புல்லில் மூன்று நோயாளிகள்

அந்த ஹெட்போனைக் கொஞ்சம் கழற்றுங்கள் தம்பி. காதுக்குக் கெடுதல். முப்பது வருஷம் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான், அனுபவத்தில் சொல்கிறேன். பாட்டா கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? பாட்டு எங்கே போய்விடப் போகிறது. சென்னை போய் இறங்கும்வரை பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இருந்தால் உங்களுக்கும் நல்லதுதானே.

தோஹாவில் என்ன வேலை? ஏசி மெக்கானிக்கா? நல்லது, அந்த ஊரில் உங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே வராது. நாங்கள் இஸ்தான்புல் போய்விட்டு வருகிறோம். துருக்கி தேசம். ஒரு வாரம் இருந்தோம். எல்லோரும் என்னிடம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்கப் போகிறார்கள். நான் என்ன சொல்வது? நான் எங்கே ஊரைப் பார்த்தேன்? மூன்று நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நோயாளிகள் பின்னால்தான் இருக்கிறார்கள். சட்டென்று திரும்பாதீர்கள், மெதுவாக. நடு வரிசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறாளே, அவள் ரெஜினா. பக்கத்தில் கொண்டை போட்டவள் மங்கையர்க்கரசி, மங்கை என்போம். ஓரத்தில் ஒன்றும் பேசாமல் இருப்பவள் தனபாக்கியம். மூவரும் என் சிநேகிதிகள். சீட்டெல்லாம் மங்கைதான் போட்டாள். எனக்கு ஜன்னலோரம் வேண்டும் என்பதற்காக அவர்கள் மூவரும் அங்கே போய் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கேட்கவே இல்லை. அவர்களாகவே செய்தார்கள். அப்படி ஒரு பிரியம்.

நாங்கள் நால்வரும் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் லைன் போட்டுக் கொடுப்போம். அவர்கள் மூவரும் ஆபரேட்டர்கள், நான் சூப்பர்வைசர். சுலோசனா மேடம் என்றால் பயப்படுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது பயம் இல்லை தம்பி, மரியாதை.

லைன் போடுகிற போர்டில் உட்கார்ந்த ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்கு எழுந்திருக்க முடியாது. தாகமோ தலைவலியோ, கையைத் தூக்க வேண்டும். மாற்று ஆள் வருவாள். அதற்கு ரிலீஃப் என்று பெயர். வருகிறவள் நாற்காலியின் முதுகில் கை வைப்பாள். கை வைத்த பிறகுதான் உட்கார்ந்திருப்பவள் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கும்போது, முடியாமல் நிற்கிற போன் கால்களைக் காதோடு சொல்லிவிட்டுப் போவாள். ‘மதுரை ஒண்ணு பெண்டிங், பம்பாய் ஒண்ணு பெண்டிங்’ என்று. நாற்காலி ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. மற்ற சூப்பர்வைசர்களின் ஷிப்ட்டில் எப்படியோ, என் ஷிப்ட்டில் இருந்தது கிடையாது.

சரி, இஸ்தான்புல்லுக்கு வருகிறேன். எங்களோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகள் கல்யாணம் தஞ்சாவூரில். பந்தியில் இவர்கள் மூவரும் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் காது பழகின காது. அத்தனை பேர் அப்பளம் நொறுக்குகிற சத்தத்துக்கு நடுவிலும் ‘இஸ்தான்புல்’ என்றது விழுந்தது. ‘விசா’ என்றது விழுந்தது. ‘மூணு பேருக்கு ஒரே ரூம் போதும்டி’ என்றதும் விழுந்தது. எனக்குத் தெரியாமல் எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டு, கடைசியில் வந்து சொல்லி என்னைத் திகைக்க வைக்கலாம் என்று இருந்திருக்கிறார்கள். நான் விடுவேனா? பாயசக் கிண்ணத்தோடு எழுந்து போனேன்.

“அடி கள்ளிகளா, நானும் வரேன்டி!”

சந்தோஷத்தில் மங்கைக்குப் புரையேறிவிட்டது.

“உங்களுக்குக் குளிர் ஒத்துக்காதே மேடம்” என்றாள் ரெஜினா. எவ்வளவு அக்கறை பாருங்கள்.

“ஸ்வெட்டர் இருக்கு.”

“ஊர் பூரா மேடு மேடம். நிறைய நடக்கணுமாம்.”

“நடந்தா உடம்புக்கு நல்லதுதானே.”

மங்கை ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா இலையைப் பார்த்தாள். தனபாக்கியம்தான், “வாங்க மேடம்” என்றாள். அவள் எப்போதுமே ரத்தினச் சுருக்கம்.

“இனிமே மேடம் கீடம் எல்லாம் வேண்டாம். ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு! சுலோன்னு கூப்பிடுங்கடி” என்றேன்.

“சரிங்க மேடம்” என்றார்கள் மூவரும்.

வீட்டுக்கு வந்ததும் கனடாவில் டொரன்டோவில் இருக்கிற என் பையனுக்குப் போன் செய்தேன். அவன் எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் விஷயத்தை எழுதினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று அனுப்பினான். ரொம்ப பிஸியான பையன். அவனுடைய அப்பா போன பிறகு என்னை அங்கேயே வந்து இருக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான். எப்போது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

முதல் நாள் நால்வரும் சேர்ந்துதான் சுற்றினோம். அதுபோல ஒழுங்கான நாள் பிறகு வரவே இல்லை. கூட்டமான ஊர், யாராவது காணாமல் போனால் யார் பதில் சொல்வது? முன்னால் மங்கை, நடுவில் ரெஜினா, பின்னால் பாக்கியம், பக்கவாட்டில் நான். தெரு முனைக்குத் தெரு முனை நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன்.

“மங்கை?”

“இருக்கேன் மேடம்.”

“ரெஜினா?”

“இருக்கேன் மேடம். உங்க எதிர்லதான் இருக்கேன்.”

வெள்ளைக்காரர்கள் சிலர் நின்று எங்களைப் படம் எடுத்தார்கள். அவர்கள் ஊரில் இந்த ஒழுங்கு கிடையாது போல.

ஹாகியா சோபியா என்று ஒரு கட்டடம், ரொம்பப் பழையது. உள்ளே போனதும் ரெஜினா அண்ணாந்து பார்த்தவள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். மேலே அவ்வளவு பெரிய குவிமாடம். எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் நாலு பேரும் அண்ணாந்து நின்றால் கைப்பைகளை யார் பார்த்துக்கொள்வது? நான் பைகளைப் பார்த்துக்கொண்டேன். “ரெஜினா, கழுத்து சுளுக்கிக்கும். கீழே பாரு” என்றேன். கீழேயும் நன்றாகத்தான் இருந்தது, பளிங்குத் தரை.

வெளியே எள் ஒட்டிய வளையல் ரொட்டி விற்கிற வண்டி. மங்கை அதன் பக்கத்தில் போய் நின்றாள். வெளிச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு கெட்டால் என்ன ஆவது? நான் ஊரிலிருந்து சின்ன எலக்ட்ரிக் குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் கொண்டுபோயிருந்தேன். எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துவந்து, அறையிலேயே சாதம் வைத்துப் போட்டேன். ஜன்னல் வழியாக மசூதிக் கோபுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. மூவரும் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதம் ஆறிப்போகிறதே என்று எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

சாயங்காலம் படகுத் துறைக்குப் போனோம். அந்த ஊருக்கு நடுவில் கடல் ஓடுகிறது தம்பி, ஆறு மாதிரி. இந்தக் கரை ஐரோப்பா, அந்தக் கரை ஆசியா. ஜனங்கள் நாம் டவுன் பஸ்ஸில் போகிற மாதிரி படகில் போய் வருகிறார்கள். படகு என்றால் சின்னது இல்லை, மாடி வைத்த கப்பல். அதைப் பார்த்ததும் தனபாக்கியம் வாயைத் திறந்தாள். அவளாகப் பேசியது அந்த நாளில் அதுதான் முதல் தடவை.

“மேடம், ஒரு தடவை அக்கரைக்குப் போய்ட்டு வரலாமா?”

“அங்கே என்னடி இருக்கு?”

அவள் தூத்துக்குடிக்காரி. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். வருஷத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவாராம். வரும்போதெல்லாம் இந்த ஊரைப் பற்றிச் சொல்வாராம். “‘அங்க படகுல ஏறி ஒரு கிளாஸ் டீ வாங்கினா, அதக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேற கண்டம் வந்துரும் பாப்பா’ன்னு சொல்லுவாங்க மேடம். உன்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போறேம்பாங்க. அதான்.”

“அக்கரையிலும் இதே மாதிரி கட்டடம்தான் இருக்கும். இங்கேயிருந்தே தெரியுதே, பாரு” என்றேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று நினைக்காதீர்கள். காவிரியைப் பாலத்தின் மேலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நாலு பேரின் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. பாக்கியம், “சரிங்க மேடம்” என்றாள். எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவளிடம் கிடையாது.

அன்றைக்கு அவர்கள் மூவரும் தங்கள் அறையில் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. ‘நாளைக்கு என்ன பார்க்கலாம்னு பேசிட்டிருந்தோம் மேடம்’ என்றாள் மங்கை.

மறுநாள் காலையில் ரெஜினாவுக்கு முழங்கால் வலி. நடக்கவே முடியவில்லை என்றாள். “நீங்க என்கூட இருங்க மேடம். தனியா இருக்கப் பயமா இருக்கு” என்றாள். எப்படி விட்டுவிட்டுப் போவது? ஓட்டலுக்கு எதிரில் ஒரு பூங்கா, அங்கே பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். மங்கையும் பாக்கியமும் வலிக்குத் தைலம் வாங்கிவரப் போனார்கள். மதியம்தான் திரும்பினார்கள். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. “மருந்துக் கடை ரொம்பத் தூரம் மேடம்” என்றாள் மங்கை. அவள் வந்ததும் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. ரெஜினாவுக்கு முழங்கால் சரியாகிவிட்டது. மங்கைக்குத் தலைவலி மாத்திரை வேண்டுமே, ரெஜினா துள்ளிக் குதித்துக்கொண்டு போனாள்.

இப்படியே நாலைந்து நாள். ஒருத்திக்கு வயிறு, ஒருத்திக்குப் பித்தம், ஒருத்திக்கு இடுப்புப் பிடிப்பு. ஒருத்தி தேறினால் அடுத்தவள் விழுவாள். கடவுள் புண்ணியத்தில் மூவரும் ஒன்றாக விழவில்லை. புளிசாதம்கூட ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. ‘பசியே இல்லை மேடம்’ என்பார்கள். பேசும்போது வறுத்த மீன் வாசனை அடிக்கும். அந்த ஊர் மருந்துகளில் மீன் எண்ணெய் அதிகம் போல.

நல்ல தைலக் கடை அக்கரையில்தான் இருக்கிறதாம், படகில் போய்த்தான் வாங்க வேண்டுமாம். ரெஜினா இரண்டு தரம் போனாள், மங்கை இரண்டு தரம் போனாள். பாக்கியத்தின் முறை வந்த அன்று காற்று பலமாக அடித்து, படகை நிறுத்திவிட்டார்கள். பாதி வழியில் திரும்பி வந்தாள். “மருந்துக் கடை மூடியிருக்கு மேடம்” என்றாள். முகம் விழுந்து கிடந்தது. ஒரு தைலத்துக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று நினைத்தேன். பிறகு எனக்கும் அவளுக்கும்தான் அதிகம் பெஞ்ச். ஏனோ அவளுக்குத்தான் அடிக்கடி நோய் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம்கூட என்னைத் தனியாக விட்டதில்லை. ஒருத்தி போக வேண்டுமென்றால் இன்னொருத்தி வந்து பெஞ்சின் முதுகில் கை வைத்த பிறகுதான் எழுந்திருப்பாள். எழுந்திருக்கும்போது காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போவாள். ஒரு தரம் எனக்குக் கேட்டது. ‘கனடா பெண்டிங். நீயா எடுக்காதே’ என்றாள் மங்கை. கனடாவா? பழைய நினைப்பில் ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன். இத்தனை பிரியமாகப் பார்த்துக்கொள்கிற சிநேகிதிகள் யாருக்குத் தம்பி கிடைப்பார்கள்?

கொஞ்சம் கிட்டே வாருங்கள். இதுவரை சொன்னது அவர்கள் காதில் விழுந்தால் பரவாயில்லை. இனிமேல் சொல்வது விழக் கூடாது.

கடைசி நாள் சாயங்காலம். மங்கையும் ரெஜினாவும் பெரிய கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். பாக்கியமும் நானும் படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில். அங்கேதான் உட்கார வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். ஊர் முழுக்கப் பூனைகள், ஒன்று வந்து அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. தெருவைப் பார்ப்பாள், படகைப் பார்ப்பாள், மறுபடி தெருவைப் பார்ப்பாள்.

“என்னடி அங்கேயே பார்க்கறே?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“ரெஜினா எங்கே போனா?”

“மருந்துக் கடைக்கு மேடம்.”

“மங்கை?”

“அவளும்தான் மேடம்.”

“யாருக்கு மருந்து?”

“எனக்குத்தான்.”

“உனக்கு இன்னிக்கு என்ன உடம்புக்கு?”

அவள் யோசித்தாள். நன்றாக யோசித்தாள். அவளுக்குப் பொய் வராது தம்பி, போர்டிலேயே வராது. லைன் எப்போது கிடைக்கும் என்று யாராவது கேட்டால்கூட ‘தெரியல சார்’ என்று உண்மையைச் சொல்லித் திட்டு வாங்குவாள்.

“எனக்கு என்னன்னு மறந்துட்டேன் மேடம்” என்றாள்.

அதற்குள் படகு ஊதியது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. கையைப் பெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். படகு இரண்டாவது தரம் ஊதியது.

“இன்னும் ரிலீஃப் வரல மேடம்.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சூப்பர்வைசர் தம்பி. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பெஞ்சில் வைத்த கை, காதில் சொன்ன பேச்சு, மாறி மாறி வந்த முழங்கால் வலி, எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மடியில் இருந்த பையைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அதில் எடுக்க ஒன்றும் இல்லை.

“ரெண்டாம் நாள்லேர்ந்தா?”

“ஆமா மேடம்.”

“டியூட்டி போட்டது யாரு?”

“மங்கை மேடம்.”

“உனக்கு மட்டும் ஏன் இத்தனை டபுள் டியூட்டி?”

“அது… நானா கேட்டு வாங்கினது மேடம்.”

“அது தப்பு. அப்படி எடுக்கக் கூடாது. மூணு பேருக்கும் சமமா வரணும்.”

“சரிங்க மேடம்.”

அவள் அழுகிற மாதிரி இருந்தாள். அந்தப் படகை விட்டால் அடுத்ததில் போய்த் திரும்ப இருட்டிவிடும், விடிந்தால் விமானம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரிலீஃபுக்கு வர வேண்டிய ரெஜினா எங்கேயோ கடைத்தெருவில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தாள் போல. வந்தபாடில்லை.

உங்களுக்கு ஒரு ரூல் சொல்கிறேன். ரிலீஃப் வரவில்லை என்றால் என்ன செய்வோம் தெரியுமா? சூப்பர்வைசர் வந்து போர்டில் உட்கார வேண்டும். யாருக்கும் பிடிக்காத ரூல். நான் ஒரு தரம்கூட மீறியதில்லை.

எழுந்தேன். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். பெஞ்சின் முதுகில், அவள் தோளுக்குப் பக்கத்தில், கை வைத்தேன். அவ்வளவுதான், அவள் எழுந்துவிட்டாள். மனசு எழுந்ததோ என்னவோ, உடம்பு எழுந்துவிட்டது. பூனை கீழே குதித்தது.

“பெண்டிங் ஏதாவது இருக்கா?” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள். ஆனால் கேட்டால் சொல்ல வேண்டும், அது ரூல்.

“கனடா ஒண்ணு மட்டும் மேடம்.”

“சரி. நான் பார்த்துக்கறேன். ஓடு.”

ஓடினாள் தம்பி. அந்த வயதில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரர்களை இடித்துக்கொண்டு. பலகையை எடுக்கிற சமயத்தில் ஏறிவிட்டாள். நான் சுற்றி வந்து அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துக்கொள்கிற டியூட்டி. சும்மா சொல்லக் கூடாது, சுலபமான டியூட்டி இல்லை. பேச்சுக்கு ஆள் கிடையாது, எழுந்திருக்க முடியாது, நேரம் நகராது. இதை அந்தப் பெண்கள் எத்தனை மணி நேரம் செய்தார்கள்!

கனடாவுக்கும் ஒரு கால் போட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நோ ரிப்ளை. அங்கே காலை நேரம், ஆபீஸ் போகிற அவசரத்தில் இருந்திருப்பான்.

கொஞ்ச நேரத்தில் ரெஜினா ஓடிவந்தாள், இரண்டு கையிலும் பைகள், மூச்சு வாங்கிக்கொண்டு. நான் தனியாக இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“மேடம்! பாக்கியம் எங்க?”

“பாத்ரூம் போயிருக்கா. இப்போதான் போனா.”

“உங்களத் தனியா விட்டுட்டா?”

“அதனாலே என்ன? என்னை யாராவது தூக்கிட்டா போயிடுவாங்க?”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மங்கையும் வந்து சேர்ந்தாள். இருட்டுகிற நேரத்தில் பாக்கியம் வந்தாள். தலையெல்லாம் காற்றில் கலைந்து, யாரோ போல இருந்தாள்.

“ஏன்டி, பாத்ரூமுக்கு இவ்வளவு நேரமா?” என்றாள் மங்கை.

“கூட்டம்” என்றாள் பாக்கியம். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

ஓட்டலுக்கு நடக்கும்போது என் பக்கத்தில் வந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன், “டீ குடிச்சியா?”

“வாங்க மறந்துட்டேன் மேடம். பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்.”

அவ்வளவுதான் பேசினோம். மற்ற இருவருக்கும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது இன்னும் தெரியாது. தெரிய வேண்டாம். மனசு கஷ்டப்படுவார்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்காக வருத்தப்படுகிற மாதிரி இருக்கிறது. தம்பி, நீங்கள் விஷயத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. நான் நேற்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். காலை, மதியம், சாயங்காலம், ஒரு இடத்திலாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். கடைசி நாள் ரெஜினா வழி தப்பியதைத் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து, அந்நிய தேசத்தில், டியூட்டி சார்ட் கிடையாது, மணி கிடையாது, வாயாலேயே பேசி வைத்துக்கொண்டு, நாற்காலியைக் காலியாக விடாமல் நடத்தியிருக்கிறார்கள். யார் கொடுத்த டிரெயினிங்?

இப்போது பின்னால் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? உங்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கிறது. வியட்நாம். அடுத்த வருஷம் வியட்நாமாம். யார் யார் என்று மங்கை சொன்னாள், அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு வண்டி குறுக்கே போய்விட்டது. எத்தனை பேர் என்று விழவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, கூப்பிட்டால்கூட முடியுமா என்று பார்க்க வேண்டும். கூப்பிட்டால்தானே பார்க்க முடியும்.

இஸ்தான்புல்லிலிருந்து தோஹா வரை ரெஜினா என் பக்கத்தில் இருந்தாள். முறைப்படி பார்த்தால் இப்போது மங்கை வர வேண்டும். விமானத்துக்குள் நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று விட்டுவிட்டார்கள் போல. அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். கோபம் இல்லையே?

யார் அது, உங்கள் சீட்டின் முதுகில் கை? பாக்கியமா?

என்னடி, உன் முறை இல்லையே? மங்கை அனுப்பினாளா? இல்லையா? பின்னே யார் சொல்லி வந்தே? யாரும் சொல்லலையா?

பாருங்கள் தம்பி, டபுள் டியூட்டி எடுக்காதே என்று நேற்றுத்தான் சொல்லியிருக்கிறேன். யாரையும் கேட்காமல் அவள்பாட்டுக்கு வந்து நிற்கிறாள். சார்ட்டையே குழப்புகிறாள். இதையெல்லாம் யாராவது கண்டிக்க வேண்டும்.

சரி, எழுந்திருங்கள். உங்களுக்கு அங்கே அவள் சீட் இருக்கிறது, போய்ப் பாட்டுக் கேளுங்கள். ரிலீஃப் வந்த பிறகு உட்கார்ந்திருக்கக் கூடாது. இருங்கள், அப்படியே போகாதீர்கள். பெண்டிங் இருந்தால் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நான் என் வாயால் சொன்னால் நன்றாக இருக்காது. நீங்களே அவள் காதில் சொல்லிவிட்டுப் போங்கள். ‘வியட்நாம் ஒண்ணு பெண்டிங்’ என்று சொன்னால் போதும். அவளுக்குப் புரியும்.